பன்னிரண்டு சாமான்கள், ஒரு வரவேற்பறை: கலவைப் பாணி அலங்காரம் பற்றிய நிகழ்வு ஆய்வு

வெவ்வேறு காலத்து, வெவ்வேறு பாணி அறைகலன்களை ஒரே வரவேற்பறையில் வைத்ததும் "எதுவும் எதோடும் ஒட்டவில்லை" என்ற குறை வரும். பழி பாணிமேல் விழும். பழைய மர நாற்காலிக்கும் குரோம் நாற்காலிக்கும் பொருத்தமில்லை என்று சொல்லி, இரண்டில் ஒன்றை வெளியேற்றிவிடுவார்கள். இங்கே ஆராயும் அறையில் பாணிக் கலப்பு ஒரு சிக்கலாகவே இல்லை. இருக்கைகளின் உயரம், இடைவெளி, மரத்தின் அடிநிறம், வெளிச்சம் ஆகிய நான்கும்தான் குலைந்திருந்தன. அவற்றைச் சரிசெய்த பிறகு, வெளியே போனவை இரண்டு சாமான்களும் ஒரு சிறிய கம்பளமும் மட்டுமே.

அறையும் அதில் இருந்தவையும்

அறையின் நீளம் 540 செ.மீ., அகலம் 390 செ.மீ., கூரை உயரம் 285 செ.மீ. ஒரு நீளச் சுவரில் 180 செ.மீ. அகலச் சன்னல் இருக்கிறது. எதிர் நீளச் சுவர் வெறுமையானது. கதவு ஒரு குறுக்குச் சுவரில், சன்னல் பக்க மூலையை ஒட்டி இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் கண் போய் நிற்பது எதிரிலுள்ள குறுக்குச் சுவரில்.

இருந்த சாமான்கள்: 215 செ.மீ. நீளமும் 92 செ.மீ. ஆழமும் கொண்ட சாம்பல் நிற மூவர் சோபா, கைப்பிடி வைத்த தேக்குப் பிரம்பு நாற்காலிகள் இரண்டு, கறுப்புத் தோல் பூட்டிய குரோம் குழாய் நாற்காலி, கறுப்புச் சாயம் ஏற்றிய வளைமர நாற்காலி, 110 செ.மீ. அகலம், 205 செ.மீ. உயரம், 48 செ.மீ. ஆழத்தில் பித்தளைக் கைப்பிடி போட்ட செதுக்கு வேலை அலமாரி. 120-க்கு 60 செ.மீ. கண்ணாடி டீப்பாய்; நீலப் பெயின்ட் அடித்த பழைய மரப் பெட்டி; வெள்ளை லேமினேட் புத்தக அடுக்கு; 40, 55, 68 செ.மீ. உயரங்களில் மூன்று பக்க மேசைகள். தரையில் 120-க்கு 180 செ.மீ. கம்பளம். கூரை நடுவில் 6500 கெல்வின் வெள்ளை விளக்கு ஒன்று மட்டும்.

எல்லாம் சுவரோடு சுவராக ஒட்டி நின்றன. நடுவில் கம்பளமும் டீப்பாயும் தனியே கிடந்தன. சோபாவில் உட்கார்ந்தவருக்கும் எதிர்ச் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்தவருக்கும் முகத்துக்கு முகம் 3 மீட்டருக்கு மேல் தூரம். பேச குரலை உயர்த்த வேண்டும், டீப்பாயில் எதையாவது வைக்க எழுந்து வர வேண்டும். உயரமான அலமாரியும் புத்தக அடுக்கும் ஒரே மூலையில் நெருக்கியதால் அறையின் கனம் முழுவதும் அந்த மூலைக்குச் சாய்ந்திருந்தது.

முதலில் அளவுநாடா

எதையும் நகர்த்துவதற்கு முன்பு ஒவ்வொரு சாமானுக்கும் ஐந்து அளவுகள் எழுதப்பட்டன: அகலம், ஆழம், மொத்த உயரம், இருக்கை அல்லது மேற்பரப்பின் உயரம், தரைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி. கடைசி அளவைப் பலர் எடுப்பதில்லை. சோபாவின் பிளாஸ்டிக் கால்கள் 3 செ.மீ. மட்டுமே. அதனால் அது தரையோடு ஒட்டிய பாறையாகத் தெரிந்தது. பக்கத்திலிருந்த நாற்காலிகளோ மெலிந்த கால்களில் நின்றன. சோபா அறைக்குப் பொருந்தாதது போல் தோன்றியதற்குப் பெரும்பங்கு காரணம் இதுதான். துணியின் நிறம் அல்ல.

இருக்கை உயரங்களை அளந்தபோது சிக்கல் தெளிவானது. சோபா 38, குரோம் நாற்காலி 42, வளைமர நாற்காலி 46. பிரம்பு நாற்காலிகளின் சட்டம் 45, ஆனால் பிரம்பு தொய்ந்து நடுவில் 41. பாணி ஒன்றாக இருக்கும் செட்டில் உயரமும் தானாகவே ஒன்றாக இருக்கும். கலவைப் பாணியில் அது தற்செயலாக அமையாது, நாம்தான் அமைக்க வேண்டும். முதுகுச் சாய்வின் உயரம் எப்படி வேண்டுமானாலும் மாறலாம், மாறுவது நல்லதும்கூட. இருக்கை உயரம் 3 செ.மீ.க்கு மேல் மாறினால் எதிரெதிரே இருப்பவர்களின் கண்மட்டம் பிசகும், டீப்பாயின் உயரமும் ஒரு பக்கத்துக்கு மட்டுமே சரியாக இருக்கும்.

உயரத்தைச் சமப்படுத்திய விதம்

சோபாவின் 3 செ.மீ. கால்களைக் கழற்றி, 8 செ.மீ. மரக் கால்கள் திருகப்பட்டன. இருக்கை 43 ஆனது. கீழே நிழல் தெரிந்தது, தரை தொடர்ந்து ஓடுவதாகக் கண்ணுக்குப் பட்டது. இந்த வேலையில் இரண்டு இடங்களில் தவறு நேரும். ஒன்று, மரை, அதாவது திருகின் புரி. சோபாக் கால்களில் பரவலாக வருவது எம் 8 மரை; சில தயாரிப்புகளில் 5/16 அங்குல மரை வரும். விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான், 8 மி.மீ.யும் 7.94 மி.மீ.யும். மரை இடைவெளி வேறு. அதனால் மாற்று மரை ஒன்றிரண்டு சுற்று நன்றாக ஏறி, பிறகு இறுகும். அங்கே ஸ்பேனர் போட்டு முறுக்கினால் சட்டத்திலுள்ள உலோகக் கூடு கிழிந்துவிடும். விரலாலேயே ஐந்தாறு சுற்று ஏறினால்தான் அது சரியான கால். இரண்டு, நடுக்கால். இந்த நீளச் சோபாவுக்கு நடுவில் ஐந்தாவது ஆதாரம் இருக்கும். அது துணிக்கு உள்ளே மறைந்திருப்பதும் உண்டு. நான்கு மூலைக் கால்களை மட்டும் உயர்த்தி நடுக்காலை விட்டுவிட்டால் சட்டம் அந்தரத்தில் தொங்கி, சில மாதங்களில் நடுவில் வளையும்.

பிரம்புத் தொய்வுக்கு மெத்தை போடுவது எல்லோரும் செய்யும் வைத்தியம். அது தொய்வை மறைக்குமே தவிர நிறுத்தாது. இழை அறுபடாமல் தொய்ந்திருந்தால், நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் மட்டும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அரை மணி நேரம் போட்டு வைக்கலாம். மேற்புறம் பளபளப்பாக இருப்பதால் நீரை உறிஞ்சாது, அடிப்புறம் உறிஞ்சும். நனைந்த பிரம்பு காயும்போது சுருங்கி இறுகும். காற்றோட்டமுள்ள இடத்தில் ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும்; அதற்குள் யாராவது உட்கார்ந்தால் முன்பைவிட மோசமாகத் தொய்யும். வெயிலில் வைத்தால் இழை வெடிக்கும். இந்த இரண்டு நாற்காலிகளிலும் நடு உயரம் 41-லிருந்து 44-க்கு வந்தது. ஓரத்தில் இழை அறுந்திருந்தால் இந்த முறை பயன்படாது, மறுபடி பின்னத்தான் வேண்டும்.

கண்ணாடி டீப்பாய் 36 செ.மீ. உயரம். டீப்பாய் இருக்கை மட்டத்திலோ அதைவிட 5 செ.மீ. வரை தாழ்ந்தோ இருப்பது கைக்கு வசதி. உயர்ந்த சோபாவுக்கு இது 7 செ.மீ. தாழ்வு. சட்டத்தின் நான்கு கால்களிலும் திருகு வகைப் பாதம் இருந்ததால் 4 செ.மீ. நீளப் பாதங்கள் மாட்டி 40 ஆக்கப்பட்டது. டீப்பாய்க்குப் பதில் நீலப் பெட்டியை நடுவில் வைக்கும் யோசனையும் இருந்தது. பார்க்க அழகாகவே இருந்திருக்கும். ஆனால் பெட்டிக்கு அடியில் கால் நுழையாது, மூடியின் மேல் வைத்ததையெல்லாம் எடுத்தால்தான் உள்ளே இருப்பதை எடுக்க முடியும். கண்ணாடிக்கு அடியில் கம்பளம் முழுதாகத் தெரியும் என்பதும் சேர்ந்துகொண்டது. பெட்டிக்கு வேறு இடம் கிடைத்தது.

தரையில் நாடா ஒட்டிப் பார்த்தது

இட அமைப்பை மாஸ்கிங் டேப்பால் தரையில் வரைந்து பார்த்தார்கள். சோபாவைச் சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி வைப்பது நல்ல பழக்கம் என்று முதல் வரைவில் அப்படியே போடப்பட்டது. கணக்கு இப்படி வந்தது: 15 + சோபா 92 + இடைவெளி 42 + டீப்பாய் 60 + இடைவெளி 45 + பிரம்பு நாற்காலி 72 = 326. மொத்தம் 390-இல் மீதி 64 செ.மீ. நாற்காலிக்குப் பின்னால் சன்னலோரம் செல்லும் இந்த வழிதான் கதவிலிருந்து உள்ளே வரும் முதன்மை வழி. 64 செ.மீ.யில் ஒருவர் தோளைத் திருப்பிக்கொண்டுதான் போக முடியும்.

இரண்டாம் வரைவில் சுவர் இடைவெளி 5 ஆகவும், டீப்பாயின் இரு பக்க இடைவெளியும் தலா 40 ஆகவும் குறைக்கப்பட்டன. மொத்தம் 309, வழி 81 செ.மீ. டீப்பாய்க்கும் இருக்கைக்கும் நடுவே 40 செ.மீ.க்குக் கீழே போனால் முழங்கால் இடிக்கும், 45-ஐத் தாண்டினால் கை எட்டாது. ஆகவே இங்கே குறைக்கச் சுவர் இடைவெளியை முதலில் கைவிட வேண்டும். வழியையும் டீப்பாய் இடைவெளியையும் கைவிடக் கூடாது. இந்த அமைப்பில் முகத்துக்கு முகம் தூரம் ஏறக்குறைய 2.4 மீட்டராகக் குறைந்தது. சாதாரணக் குரலில் பேச இது போதும்.

சன்னலுக்கு முதுகு காட்டி நிற்க எந்த நாற்காலி என்பதில் விவாதமே தேவைப்படவில்லை. பிரம்பு முதுகு வெளிச்சத்தை வடிகட்டி உள்ளே விடும். தோலோ மெத்தையோ வைத்த முதுகு அந்த இடத்தில் இருந்தால் அறைக்குள் இருட்டுப் பட்டை விழும்.

தலைமைப் பொருள் ஒன்றுதான்

கலவைப் பாணி அறையில் எல்லாமே கவனத்தைக் கேட்கும். ஒன்றுக்கு மட்டும் முதலிடம் கொடுத்து மற்றவற்றை அடக்க வேண்டும். இங்கே அது செதுக்கு வேலை அலமாரி. மூலையிலிருந்து எடுத்து, கதவுக்கு எதிரான குறுக்குச் சுவரின் நடுவில் நிறுத்தினார்கள். இரு பக்கமும் 140 செ.மீ. வெறுஞ்சுவர். அந்த வெறுமையை எதையாவது மாட்டி நிரப்பாமல் இருப்பதுதான் கடினம், ஆனால் அவசியம். செதுக்கு வேலையின் நிழல்கள் தெளிவாகத் தெரிய வெற்றுச் சுவர் தேவை.

205 செ.மீ. உயர அலமாரியைச் சுவரோடு பிணைக்காமல் விடக் கூடாது. கதவுகளைத் திறக்கும்போது ஈர்ப்பு மையம் முன்னுக்கு வரும். குழந்தை கீழ்த்தட்டில் ஏறினால் கவிழும். மேல் சட்டத்தில் இரு முனைகளிலும் எல் வடிவப் பட்டை வைத்து, சுவரில் பிளக் அடித்துத் திருகப்பட்டது. தரையோரப் பட்டி காரணமாக அலமாரி சுவரிலிருந்து 1.5 செ.மீ. விலகி நின்றது. அந்த இடைவெளியில் அதே தடிப்பு மரத்துண்டு வைக்காமல் இறுக்கினால் அலமாரி பின்னுக்குச் சாய்ந்து, திறந்த கதவுகள் தாமாகவே மூடிக்கொள்ளும்.

பழைய மரம் என்பதால் உள்ளே கொண்டுவருமுன் பூச்சிச் சோதனை நடந்தது. 1 முதல் 2 மி.மீ. துளைகள் இருப்பது மட்டும் ஆபத்தல்ல. துளைக்கு அடியில் புதிய வெளிர்நிறத் தூள் விழுகிறதா என்பதே கேள்வி. அடியில் கறுப்புத் தாள் விரித்து இரண்டு வாரம் கவனித்தார்கள். தூள் விழவில்லை. விழுந்திருந்தால் மற்ற மரச் சாமான்களுக்கு அருகில் வைக்கவே கூடாது.

அலமாரிக்கு எதிர் எடையாகக் கதவுப் பக்கத்தில், வெற்று நீளச் சுவரோர மூலையில், 165 செ.மீ. பித்தளைத் தரை விளக்கும் அதை அடுத்துக் குரோம் நாற்காலியும் வைக்கப்பட்டன. 68 செ.மீ. பக்க மேசை, வெள்ளை லேமினேட் அடுக்கு இரண்டும் அறையைவிட்டுப் போயின. மேசை எந்தக் கைப்பிடியின் உயரத்தோடும் சேரவில்லை. சோபாவின் கைப்பிடி இப்போது 60 செ.மீ.; அதற்கு 5 செ.மீ.க்குள் வரும் 55 மேசை பக்கத்தில் நின்றது. லேமினேட் அடுக்கின் சிக்கல் வேறு; அது நிறத்தைப் பற்றியது.

மரமும் நிறமும்

தேக்கு, கறுத்த அலமாரி, கறுப்பு வளைமரம், வெள்ளை லேமினேட் என நான்கு மரத்தோற்றங்கள் இருந்தன. மரங்களின் அடர்த்தி மாறலாம், அடிநிறம் மோதக் கூடாது. அடிநிறத்தைக் கண்டுபிடிக்க, பகல் வெளிச்சத்தில் மரத்தின்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்தால் போதும். செம்மையா, மஞ்சளா, சாம்பலா என்பது தாளின் ஓரத்தில் தெரிந்துவிடும். தேக்கும் அலமாரியும் செம்மை சார்ந்தவை. வளைமரத்தின் கறுப்பு நடுநிலை. லேமினேட்டின் நீலச் சாயலுள்ள வெண்மை மட்டும் எதிலும் சேரவில்லை. பக்கத்தில் இருந்தபோது தேக்கை அது ஆரஞ்சாகக் காட்டியது.

எல்லாவற்றுக்கும் ஒரே சாயம் ஏற்றிவிடலாம் என்ற யோசனையை இந்த இடத்தில் உறுதியாக மறுக்க வேண்டும். வயதில் வந்த மெருகு போய்விடும், அறை கலவையாகவும் இருக்காது, செட்டாகவும் இருக்காது. தேக்கின் பூச்சு என்னவென்று மட்டும் பார்க்கப்பட்டது. கண்ணில் படாத இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்ததும் பிசுபிசுத்தது. ஆகவே அது ஷெல்லாக், அதாவது அரக்குப் பூச்சு. தின்னரில் மட்டும் கரைந்தால் லேக்கர். இரண்டிலும் அசையாவிட்டால் வார்னிஷ் அல்லது பாலியூரித்தேன். ஷெல்லாக் என்று தெரிந்ததால் ஈரத் துணியும் சூடான குவளையும் நேரடியாகப் படக் கூடாது என்பதும் தெரிந்தது. மெழுகு மட்டும் தேய்க்கப்பட்டது.

நீலப் பெட்டியை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவில்லை. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும், அதன் தூள் மூச்சில் போவது ஆபத்து. நனைத்த துணியால் துடைத்து, உரியும் ஓரங்களின் மேல் நிறமற்ற பூச்சு இரண்டு கோட் ஏற்றப்பட்டது. பெட்டி 45 செ.மீ. அகலம், 90 நீளம், 45 உயரம். சோபாவின் மறுமுனையில் நீளவாக்கில் உள்நோக்கித் திருப்பி வைத்ததும் அதன் நீளமும் சோபாவின் ஆழமும் கிட்டத்தட்ட ஒன்றாயின. கைப்பிடியைவிட 15 செ.மீ. தாழ்வு என்பதால் குவளை வைக்கும் மேசையாக அது உதவாது. உயரமான மேசை விளக்குக்கு உதவும்.

அந்த நீலம் தனியாக இருக்கும்வரை விபத்தாகத் தெரியும். கம்பளத்தில் ஒரு முறை, சுவர்ப் படத்தில் ஒரு முறை வந்ததும் முடிவாகத் தெரிந்தது. முதலில் சோபாவுக்கு நான்கு நீல குஷன்களும் வந்தன. உடனே அறை விளம்பரப் படம் போலாகிவிட்டது. மூன்றை எடுத்த பிறகு சரியானது. உலோகத்துக்கும் இதே முறைதான். குரோம் நாற்காலியிலும் டீப்பாய்ச் சட்டத்திலும் குரோம், அலமாரிக் கைப்பிடியிலும் தரை விளக்கிலும் பித்தளை. ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு இடத்தில்.

குரோம் நாற்காலியும் வளைமர நாற்காலியும் எதிரிகள் போலத் தோன்றினாலும், அறையில் மிக எளிதாகச் சேர்ந்தவை அவை இரண்டும்தான். வளைமர நாற்காலி, மைக்கேல் தோனெட் 1859-இல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலியின் வழி வந்தது. நீராவியில் வளைத்த பீச் மரம், ஆறு பாகங்கள், பத்துத் திருகுகள், இரண்டு நட்டுகள். எஃகுக் குழாய் நாற்காலி, ஜெர்மனியின் பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியில் மார்செல் பிராயர் 1925-இல் தொடங்கிய வகை. இடையில் 66 ஆண்டுகள், பொருள் வேறு. ஆனால் ஒரே தடிப்பில் நீண்டு வளையும் கோடு இரண்டிலும் ஒன்று. பாணிப் பெயரைப் பார்க்காமல் கோட்டைப் பார்த்தால் இப்படிப்பட்ட உறவுகள் கிடைக்கும். வளைமர நாற்காலி ஆடினால் பசை ஊற்றக் கூடாது. திருகுகளை இறுக்கினால் போதும். தேக்கு நாற்காலியில் இணைப்பு ஆடினால்தான் பசை வேலை. அதிலும் பழைய வச்சிரப் பசையை வெந்நீரால் இளக்கிச் சுரண்டிய பின்பே புதியது பிடிக்கும்.

கம்பளமும் அது கிளப்பிய சிக்கல்களும்

120-க்கு 180 கம்பளம் எந்த இருக்கையின் காலையும் தொடவில்லை. பதிலாக வந்தது 200-க்கு 300: செம்மண் நிறம், கருநீலம், மணல் நிறம் கலந்தது, 12 மி.மீ. தடிப்பு. சோபாவுக்கு அடியில் 25 செ.மீ. நுழைத்ததில், எதிர்ப்பக்கம் பிரம்பு நாற்காலிகளின் முன்கால்கள் 35 செ.மீ. உள்ளே வந்தன. சோபாவும் பிரம்பு நாற்காலிகளும் ஒரே கூட்டமாயின.

ஆனால் முன்கால் கம்பளத்திலும் பின்கால் தரையிலும் நின்றதால் பிரம்பு நாற்காலிகள் 1 பாகைக்குச் சற்று அதிகமாகப் பின்னுக்குச் சாய்ந்தன. சிறியதுதான்; எழும்போது முழங்கால் உணரும். பின்கால்களுக்கு அடியில் 10 மி.மீ. மரப் பாதம் ஒட்டியதும் தீர்ந்தது. குரோம் நாற்காலியில் இது நடக்காது. அதற்குக் கால்கள் இல்லை, தரையோடு ஓடும் குழாய்ச் சட்டம்தான். பாதி கம்பளத்திலும் பாதி தரையிலும் வைத்தால் ஓரத்தில் தத்தளிக்கும், கம்பள விளிம்பையும் அறுக்கும். முழுவதும் உள்ளே அல்லது முழுவதும் வெளியே. இங்கே வெளியே வைக்கப்பட்டது. டீப்பாய் எட்டாததால் 40 செ.மீ. மேசை அதன் பக்கத்தில் போனது.

கம்பளத்துக்கு அடியில் போடும் நழுவாத் தாள் ஒவ்வொரு பக்கமும் 2 முதல் 3 செ.மீ. சிறியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் தூக்கி இடறும். வார்னிஷ் தரையிலும் வினைல் தரையிலும் ரப்பர் அடித்தாள் கறை பதிக்கும். ஃபெல்ட் அடித்தாள் பாதுகாப்பானது.

வெளிச்சம், படம்

6500 கெல்வின் விளக்கில் தேக்கு வெளிறியும் அலமாரி வெறும் கறுப்பாகவும் தெரிந்தன. நான்கு இடங்களில் மஞ்சள் சாயலுள்ள 2700 கெல்வின் விளக்குகள் வந்தன: தரை விளக்கு, பெட்டி மேல், 55 மேசை மேல், அலமாரி முகப்பில் மேலிருந்து ஒன்று. விளக்கொளியில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதைக் காட்டும் சி.ஆர்.ஐ. எண் 90-க்கு மேல் இருப்பதோடு, ஆர்9 மதிப்பு அச்சிட்டிருந்தால் அதையும் பார்க்க வேண்டும். அடர் சிவப்பைக் குறிக்கும் அந்த மதிப்பு பொது சி.ஆர்.ஐ. கணக்கில் சேராது; செம்மை சார்ந்த மரத்துக்கு அதுதான் முக்கியம். மேசை விளக்குகளின் நிழற்கூண்டு அடிவிளிம்பு தரையிலிருந்து 100 முதல் 105 செ.மீ. அதைவிட உயர்ந்தால் உட்கார்ந்தவர் கண்ணில் பல்பு குத்தும். பெட்டி 45 உயரம் என்பதால் அங்கே அடிவிளிம்பு 55 செ.மீ.யில் தொடங்கும் விளக்கு தேவைப்பட்டது.

சோபாவுக்கு மேல் ஒரே பெரிய படம், 140 செ.மீ. அகலம், அதாவது சோபா நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு. 80 செ.மீ.க்கு உயர்ந்த சோபா முதுகுக்கு 20 செ.மீ. மேலே அடிவிளிம்பு. சிறு படங்களைக் கொத்தாக மாட்ட வீட்டாருக்கு ஆசை இருந்தது. செதுக்கு வேலை, பிரம்புப் பின்னல், கம்பளக் கோலம் மூன்றும் இருக்கும் அறையில் நான்காவது நுணுக்கம் தாங்காது.

நிலுவையில் இருப்பவை

சன்னலை ஒட்டிய இரண்டு நாற்காலிகளில் ஒன்றின்மேல் பிற்பகல் வெயில் அதிகம் விழுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் இடம் மாற்றினால் நிறம் சமமாக மாறும். சோபாவின் துணியை மாற்றலாமா என்பது இன்னும் முடிவாகவில்லை. மாற்றினால் கோலமில்லாத, தடித்த நெசவுத் துணி. துணி எத்தனை உரசலைத் தாங்கும் என்பதைக் காட்டும் மார்ட்டின்டேல் எண் 25,000-க்குக் குறையாதது. நிறம் கம்பளத்தின் மணல் நிறத்திலிருந்து. துணித் துண்டை வாங்கி, அலமாரியின் பக்கத்தில் மாலை விளக்கொளியில் ஒரு வாரம் தொங்கவிட்டுப் பார்த்த பிறகே மீட்டர் கணக்கில் வாங்க வேண்டும்.